இடுப்பில் ஒரு நரி

ஸ்காட்லாந்து ஆண்கள் முழங்கால் வரை கட்டும் பாவாடை போன்ற கில்ட்டுக்குப் பாக்கெட் கிடையாது. சுமார் எட்டு கஜம் கம்பளித் துணியைக் கொசுவம் கொசுவமாக மடித்துத் தைக்கிற ஸ்காட்லாந்துக்காரர்கள், சாவி வைக்க ஓர் இடம் விடவில்லை. அதற்குப் பரிகாரமாகத்தான் ஸ்போரன் என்ற பையைச் சங்கிலியில் கோத்து முன்பக்கம் தொங்கவிடுகிறார்கள். என் பாட்டியின் மடிசார் ஒன்பது கஜம். சாவிக்கொத்து, சில்லறை, வெற்றிலை எல்லாம் அந்த இடுப்புச் செருகலில் அடங்கிவிடும். ஒரு கஜம் குறைத்ததால் வந்த வினை இது என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்ததால் காதில் வாங்கவில்லை.

நாங்கள் இருப்பது ஸ்டர்லிங்கில். இவருடைய அலுவலக நண்பருக்குப் பெர்த்ஷயரில் திருமணம். ஆண்கள் எல்லோரும் கில்ட்டில் வர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். குலத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்திருக்கும் இந்த ஊரில் எந்தக் குலத்திலும் சேராதவர்களும் தயங்காமல் உடுத்தலாம் என்பதால் கரும்பச்சையும் கருநீலமும் கலந்த ‘பிளாக் வாட்ச்’ கட்டத்தில் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். கூடவே வந்த ஸ்போரன், பார்க்கப் பரிதாபமான ஒரு சின்னத் தோல் பை. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தம் வீட்டுக்குள் போனார். மூன்று தலைகளோடு திரும்பி வந்தார்.

நரி, நீர்நாய், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கு. மூன்றையும் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தார். இட்லி மாவுப் பாத்திரத்தை நான் அவசரமாக நகர்த்தினேன். விலங்கின் முகத்தோலை ரோமம், காது, மீசையோடு பதப்படுத்தி, கண்ணாடிக் கண் பதித்துப் பையின் மூடியாகத் தைத்திருக்கிறார்கள். பணம் எடுக்க வேண்டுமென்றால் முகத்தைத் தாடையோடு பிடித்து மேலே தூக்க வேண்டும். முட்டை சேர்த்த கேக்கையே முகர்ந்து பார்த்துவிட்டு நகர்த்தி வைக்கிற என் கணவர், மூன்று முகங்களையும் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீர்நாய் பெரியவருடைய தாத்தாவுடையது. அதை வெளியே அனுப்ப மாட்டாராம். 2007-இல் ஸ்காட்லாந்தில் வந்த விதிகளின்படி, நீர்நாய், காட்டுப்பூனை போன்ற பாதுகாக்கப்பட்ட விலங்குகள் 1994-க்குப் பிறகு உயிர்விட்டவையாக இருந்தால் அவற்றின் தோலை வைத்திருக்க உரிமம் வேண்டும். தாத்தாவின் நீர்நாய் அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியதுதான். ஆனாலும் வழியில் யாராவது கேட்டால் என் கணவர் என்ன சொல்லப் போகிறார்? விடுமுறைக்கு எந்த ஊருக்குப் போகலாம் என்று கேட்டாலே திணறுகிறவர்.

பேட்ஜர்தான் கணவரின் மனதைப் பறித்தது. வெள்ளை முகம், இரண்டு கண்களின் வழியாகவும் ஓடும் கறுப்புப் பட்டை, அகலமான நெற்றி. பெரியவர் ஆர்கைல் அண்ட் சதர்லாண்ட் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவில் சார்ஜெண்டாக இருந்தவர். 1881-இல் உருவான அந்தப் படையில் அதிகாரிகளுக்கும் சார்ஜெண்டுகளுக்கும் பேட்ஜர் தலை வைத்த ஸ்போரன். சாதாரணச் சிப்பாய்க்குக் குதிரைமயிர்தான். ஸ்டர்லிங் கோட்டையில் இருக்கும் அந்தப் படையின் அருங்காட்சியகத்துக்கு நாங்களும் போயிருக்கிறோம். சார்ஜெண்ட் பதவிக்கு உரிய முகத்தை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர் மாட்டிக்கொண்டு போவது எனக்கு உறுத்தியது. பெரியவரோ, “கட்டிப் பாருங்கள்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். கட்டினார். இவருடைய ஒடிசலான இடுப்பில் அந்த அகல முகம் ஏறியதும் பேட்ஜர்தான் இவரைத் தூக்கிக்கொண்டு நிற்பதாகத் தெரிந்தது.

“நரியைக் கட்டுங்கள். நம் ஊரில் நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். திருமணத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நல்லது நடக்கட்டும்” என்றேன். கறுத்த கட்டத்துணி மேல் அந்தச் செம்பழுப்பு எடுப்பாகவும் இருந்தது. சிவப்புக் கட்டம் போட்ட கில்ட்டாக இருந்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அந்த அமர்க்களத்துக்குள் ஒரு முகத்தையும் வைத்தால் பார்க்கிறவர்களுக்குக் கண் வலிக்கும்.

பெல்ட் கொக்கிக்கு நான்கு விரல் கீழே நரியின் நெற்றி வர வேண்டும் என்று பெரியவர் தம் விரல்களாலேயே அளந்து காட்டினார். இன்னும் இறக்கினால் நடக்கும்போது இரண்டு தொடையிலும் மாறி மாறி முட்டும். நடனத்தின்போது ஸ்போரனை இடுப்பின் பக்கவாட்டுக்குத் தள்ளிவிட வேண்டும் என்பதையும் இரண்டு முறை சொன்னார்.

திருமணத்தில் இவரை யாரும் பார்க்கவில்லை. கை குலுக்கியவர்கள் எல்லோரும் குனிந்து நரியைத்தான் நலம் விசாரித்தார்கள். கோழி வளர்க்கிற மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் மட்டும் அதை முறைத்துக்கொண்டே இருந்தார். போன மாதம் தம் கொட்டிலில் புகுந்தவன் இதே மூஞ்சிதான் என்று சாதித்தார். இவர் பதில் சொல்ல வாயெடுத்ததும், “உங்களைக் கேட்கவில்லை” என்றார்.

விருந்தில் இன்னொரு சங்கடம். உட்கார்ந்ததும் நரி மடியில் ஏறி, மூக்கை மேஜை விளிம்பில் வைத்துக்கொண்டது. இவருக்கு வந்தது பருப்பும் ஓட்ஸும் சேர்த்துச் செய்த சைவ ஹேகிஸ். அதை ஒரு நரி அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது இதுவே முதல் தடவையாக இருக்கும். பாதிச் சாப்பாட்டில் அதன் வயிற்றுக்குள் கைப்பேசி ஒலித்தது. எதிரே இருந்த சிறுமி, “எடுங்கள், அதற்குத்தான் அழைப்பு” என்றாள். இவர் தாடையைத் தூக்கி உள்ளே கைவிட்டதும் வீறிட்டு அழுதாள்.

கேய்லி என்ற ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம் தொடங்கியது. ‘ஸ்டிரிப் த வில்லோ’வில் ஆளுக்கு ஆள் கைமாறிச் சுழல வேண்டும். இவர் மறக்காமல் நரியை இடது இடுப்புக்குத் தள்ளிவிட்டுத்தான் இறங்கினார். இரண்டாவது சுற்றில் அது தானாக நகர்ந்து முதுகுப்பக்கம் போய்விட்டது. முன்னால் இவர் சிரிக்க, பின்னால் நரி பார்க்க, கோழிக்காரர் நடன வரிசையை விட்டு விலகி நின்றார்.

மறுநாள் புகைப்படங்களை மாமியாருக்கு அனுப்பினேன். மகன் முழங்கால் தெரிய நிற்பதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு உடனே அழைத்தார்.

“அசல் நரியா?”

“அசல்தான், அத்தை.”

“அந்தப் பெரியவரிடம் தன்மையாகக் கேட்டுப் பார், அம்மா. நரிக்கொம்பை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறாராமா?”