டிவிஷன் 1 இன்லைன் ஹாக்கி: சக்கரம்தான் பாதி ஆட்டம்

இன்லைன் ஹாக்கி என்றால் ஒரே வரிசையில் சக்கரம் பதித்த ஸ்கேட் மாட்டி ஆடும் ஹாக்கி. ஐஐஎச்எஃப் (சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு) நடத்திவந்த இன்லைன் உலகப் போட்டியின் இரண்டாம் அடுக்கு, டிவிஷன் 1. 2014-இல் செக் நாட்டின் பார்டுபிட்சே, 2015-இல் பின்லாந்தின் தாம்பெரே, கடைசியாக 2017-இல் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரங்களில் நடந்தது. 8 அணிகள், நாலு நாலாக 2 பிரிவாக ஆடின. களத்தில் அணிக்கு கோலியோடு 5 பேர், 12 நிமிடம் வீதம் 4 பகுதி. உடம்பால் மோதித் தள்ளக் கூடாது என்பது விதி.

பனித்தளத்திலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது நிற்பதில். பனியில் பிளேடு சீவிக்கொண்டு வழுக்கி நிற்கும். பிளாஸ்டிக் ஓட்டுத் தரையில் சக்கரம் பிடித்துக்கொள்ளும், ஆள் குப்புற விழுவார். வளைந்து திரும்பி வேகத்தைக் குறைக்கப் பழக வேண்டும்.

உள்ளரங்குக்கு 74ஏ, 76ஏ போன்ற மென்சக்கரம் போதும் (இந்த எண் சக்கரத்தின் கடினத்தன்மை; கூடினால் கடினம்). கனமான ஆள் என்றால் கொஞ்சம் கடினமானது. இல்லாவிட்டால் நசுங்கி வேகம் போய்விடும். வெளித்தரைக்கான 84ஏ போட்டால் வழுக்கும். உள்விளிம்புதான் முதலில் தேயும், ஆகவே சில ஆட்டத்துக்கு ஒருமுறை புரட்டி மாட்டுங்கள். ஹை-லோ ஃபிரேமில் (சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் ஒரு வகை) முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு அளவு, ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றவே கூடாது! ஒரு ஜோடி ஸ்கேட்டுக்கு 16 பேரிங். தண்ணீரில் கழுவினால் துருப்பிடித்துவிடும். தரையில் தூசி இருந்தால் எந்தச் சக்கரமும் உதவாது, துடைப்பான்தான் வேண்டும்.