டேப்பட் செட்டிங்: லாக் நட்டை முறுக்கிய பிறகும் அளந்து பாருங்கள்

இரட்டை கேம் (வால்வையும் இன்ஜெக்டரையும் இயக்கும் தண்டு) உள்ள கம்மின்ஸ் ஐஎஸ்எக்ஸ் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர். வேறொரு பட்டறையில் டேப்பட் செட் செய்து, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே உள்ள கேப்பைச் சரிசெய்து அனுப்பிய வண்டி. ஐடிலில் உதறல், ஹெட்டில் டக் டக் சத்தம். ராக்கர் கவரைக் கழற்றியதும் ஸ்பேனரை எடுக்காமல், இருக்கும் கேப்பை அப்படியே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். இந்த எஞ்சினில் இன்டேக் 0.35 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.68 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால் சில இன்டேக்கில் 0.50 பிளேடு (கேப் அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. நான்காவது சிலிண்டர் எக்ஸாஸ்டில் 0.45 கூட நுழையவில்லை. அப்படியே ஓடியிருந்தால் அந்த வால்வு சூட்டில் நீண்டு, முழுதாக மூடாமல், சீட் கருகியிருக்கும். செய்த வேலைக்குக் காசு வாங்கிக்கொண்டு இப்படி அனுப்புவது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

காரணம் பெரும்பாலும் லாக் நட், அதாவது கேப்பை மாற்றும் ஸ்க்ரூவைப் பூட்டும் நட். ஸ்க்ரூவை அசையாமல் பிடிக்காவிட்டால் நட்டோடு சேர்ந்து அதுவும் திரும்பும், கேப் குறைந்துவிடும். வால்வு லாக் நட்டுக்கு முறுக்கு விசை 45 நியூட்டன் மீட்டர். முறுக்கிய பிறகு பிளேடை மறுபடி விடுங்கள். லேசாக இழுவை தெரிய வேண்டும். எக்ஸாஸ்டில் 0.68 நுழைந்து அதற்கடுத்த பிளேடு நுழையக் கூடாது. பிளேடு சாய்வாகப் போனாலும் இழுவை வரும், அதை நம்பாதீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், கூலன்ட் 60 டிகிரிக்குக் கீழே. அவசரத்தில் சூட்டோடு செய்த செட்டிங் வீண்தான். எஞ்சினை ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். வால்வு செட்டிங் குறியைத் தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய், திரும்ப முன்னோக்கி வந்து நிறுத்துங்கள். இல்லையென்றால் கியர் இடைவெளி ஏமாற்றிவிடும். குறி சரியாக நின்றாலும் 360 டிகிரி தள்ளி நிற்கலாம். அந்த சிலிண்டரின் இரண்டு வால்வு ராக்கரும் கையால் ஆட்டினால் ஆட வேண்டும். ஆடவில்லையா, இன்னொரு முழுச் சுற்று. சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-5-3-6-2-4.

உதறலுக்குக் காரணம் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். அதன் செட்டிங் ஸ்க்ரூவை யாரோ கைக்கணக்கில் முறுக்கியிருந்தார்கள். அந்த ஸ்க்ரூவுக்கு வெறும் 8 நியூட்டன் மீட்டர்தான். பெரிய டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசை காட்டும் ஸ்பேனர்) அந்த அளவை நம்ப முடியாது, சிறிய ரெஞ்ச் கட்டாயம். கூடினால் கேமும் ராக்கரும் சுமை தாங்கித் தேயும். குறைந்தால் இன்ஜெக்டருக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் அடியில் சரியாக அமராது. இன்ஜெக்டர் லாக் நட்டுக்கு 75 நியூட்டன் மீட்டர். 2010 முதல் வந்த காமன் ரெயில் மாடலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் வரும்) இந்த இன்ஜெக்டர் செட்டிங்கே கிடையாது; எஞ்சின் நம்பரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எஞ்சினை வைத்தே வண்டியை மெதுவாக்கும் எஞ்சின் பிரேக் இருந்தால் அதற்கு 7.00 மி.மீ. கேஜ் தனியாக வேண்டும்.

கவரை மூடுமுன் கையாலேயே இரண்டு முழுச் சுற்று விட்டு, ஒவ்வொரு குறியிலும் நிறுத்தி எல்லாவற்றையும் மீண்டும் அளந்தோம். ஓர் எக்ஸாஸ்ட் 0.60-க்கு இறங்கியிருந்தது, மறுபடி செட் செய்தோம். ஸ்டார்ட் செய்ததும் உதறலும் சத்தமும் இல்லை.