நூறு சதவீதத்தில் பார்த்தால்தான் தெரியும்

புகைப்படங்களை வாங்கி விளம்பரம், பத்திரிகை என்று பயன்படுத்துகிறவர்களுக்கு இணையத்தில் விற்றுத்தரும் ஸ்டாக் ஏஜென்சி ஒன்றுக்கு நான் முதன்முதலில் அனுப்பிய பத்துப் படங்களில் எட்டு திரும்பி வந்துவிட்டன. தெரிந்தவர்கள் எல்லாரும் பாராட்டிய படங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் ஒற்றை வரியில் காரணம் போட்டிருந்தார்கள்: ஃபோகஸ் சரியில்லை, நாய்ஸ் (புள்ளிபுள்ளியாகத் தெரியும் கரகரப்பு) அதிகம், இதே மாதிரி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. இரண்டு நாள் எனக்குக் கோபம் தணியவில்லை. அப்புறம் ஒவ்வொரு படத்தையும் திரையில் 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நகர்த்திப் பார்த்தேன். பூனையின் மூக்கு கூர்மையாக இருந்தது, கண் மங்கலாக இருந்தது. சூரிய அஸ்தமனப் படத்தில் இருட்டான பகுதியை மென்பொருளில் வெளுப்பாக்கியிருந்தேன், அங்கெல்லாம் மணல் தூவியதுபோல நாய்ஸ். மரக்கிளைகளின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு, வானத்தில் கேமரா சென்சாரில் ஒட்டிய தூசியின் புள்ளிகள். அவர்கள் சொன்னது அத்தனையும் சரி.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். படம் அழகாக இருக்கிறதா என்பது ஏஜென்சிக்கு இரண்டாவது கேள்வி. வாங்குகிறவர் அதைப் பெரிதாக அச்சிடலாம், ஒரு மூலையை மட்டும் வெட்டி எடுக்கலாம், விளம்பரத்தில் போடலாம். எதைச் செய்தாலும் அவருக்குச் சிக்கல் வரக்கூடாது. அளவு பிரச்சினையே இல்லை, ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் ஆகிய பெரிய ஏஜென்சிகள் கேட்பது குறைந்தது 4 மெகாபிக்சல்தான், இன்றைய போன்களே அதைத் தாண்டிவிடும். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, குறைவாக வைத்து, வெளிச்சம் போதாத இடத்தில் முக்காலி போட்டு எடுத்தாலே பாதிப் படங்கள் தப்பிவிடும்.

அடுத்தது சட்டம். இதில்தான் நிறையப் பேர் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள், ஆனால் நான் மிகவும் மதிக்கிற பகுதி இதுதான். அடையாளம் தெரிகிற மாதிரி ஒருவர் படத்தில் இருந்து, அது விளம்பரத்துக்கும் விற்கப்படுமானால், அவருடைய கையெழுத்துடன் மாடல் ரிலீஸ், அதாவது படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் படிவம், வேண்டும். நீங்களே உங்களைப் படம் எடுத்திருந்தாலும் வேண்டும். ஒருவருடைய முகம் அவருக்குத் தெரியாமல் எங்கோ ஒரு மருந்து விளம்பரத்தில் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள், அந்தக் கையெழுத்து ஏன் தேவை என்று புரியும். லோகோ, சட்டையில் அச்சிட்ட படம், சுவரில் மாட்டிய ஓவியம், கையில் குத்திய பச்சை என்று கண்ணுக்குப் பழகிப்போனதால் நாம் கவனிக்காமல் விடுகிற எதற்கும் ஓர் உரிமையாளர் இருக்கலாம். ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்த படம் பிரச்சினையில்லை, இரவு விளக்கு அலங்காரத்துக்கு மட்டும் காப்புரிமை இருப்பதால் வணிகப் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த மாதிரிப் படங்களை செய்திக்கும் கட்டுரைக்கும் மட்டும் பயன்படும் எடிட்டோரியல் பிரிவில் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே எங்கே, எப்போது எடுத்தது என்று தலைப்பில் சொல்ல வேண்டும், படத்துக்குள் இருப்பதை அழிக்கவோ சேர்க்கவோ கூடாது.

படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சொற்களான கீவேர்டுக்கு நான் படம் எடுக்கும் நேரத்துக்குச் சமமாக நேரம் ஒதுக்குகிறேன். ஷட்டர்ஸ்டாக்கில் 50 வரை போடலாம், அடோபியில் 49 வரை. அடோபியில் வரிசையும் முக்கியம், முதல் பத்துக்குத்தான் தேடலில் கூடுதல் மதிப்பு. எண்ணிக்கையை நிரப்ப வேண்டும் என்று சம்பந்தமில்லாத சொற்களைத் திணிக்காதீர்கள், அதற்காகவே திருப்பி அனுப்புவார்கள். ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் 'பெண்', 'ஜன்னல்' என்று எழுதுவது எல்லாருக்கும் தோன்றும். ஆனால் வாங்க வருகிறவர் 'காத்திருப்பு' என்றோ 'தனிமை' என்றோ தேடலாம், அந்தச் சொல்லும் அங்கே இருக்க வேண்டும்.

ஒரே காட்சியைப் பதினைந்து கோணத்தில் அனுப்பாதீர்கள். நல்லதாக இரண்டு போதும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடோபி ஸ்டாக் புகைப்படத்துக்கு விற்ற தொகையில் 33 சதவீதம் தருகிறது. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூனில் முறையை மாற்றியது, அதன்படி நம் படங்களை வாங்குகிறவர்கள் எத்தனை முறை டவுன்லோட் செய்தார்கள் என்பதைப் பொறுத்து 15 முதல் 40 சதவீதம், ஜனவரி பிறந்தால் எண்ணிக்கை மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. மாதச் சந்தா கட்டியவர்கள் டவுன்லோட் செய்யும் படத்துக்குப் பல நேரம் சில சென்ட்தான் கிடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விகிதம் குறைவு என்றே நான் நினைக்கிறேன். அதனால் நூறு படங்களை வைத்துக்கொண்டு வருமானத்தை எதிர்பார்த்தால் மனசு ஒடிந்துவிடும். ஷட்டர்ஸ்டாக்கை 2003இல் தொடங்கிய ஜான் ஒரிங்கர், தானே எடுத்த 30,000 படங்களோடுதான் கடையைத் திறந்தார். எண்ணிக்கைக்கு இந்தத் தொழிலில் அவ்வளவு இடம் இருக்கிறது.

எனக்கு முதலில் விற்றது, வெள்ளைச் சுவரில் சாய்த்து வைத்த ஓர் ஏணி. எடுத்த அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இடது பக்கம் முழுக்கச் சுவர்தான், யாரோ அங்கே தன் வாசகத்தை எழுத இடம் இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொரு காட்சியையும் எழுத்துக்கு இடம் விட்டு ஒன்று, விடாமல் ஒன்று என்று எடுத்து வைக்கிறேன்.

இந்த வாரம் அனுப்பப் பதினான்கு படங்கள் தயாராக இருக்கின்றன. ஒன்றின் வானத்தில் மட்டும் ஒரு தூசிப் புள்ளி தெரிகிறது, அதை இன்றிரவு சரிசெய்ய வேண்டும்.