கூரைக்கு ஏற்பட்ட சேதம்

மட்டக்களப்பு நகரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. கள உத்தியோகத்தர்கள் எழுதித் தரும் ஆங்கில அறிக்கைகளைத் திருத்தி, நிதி தருகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி, வாகரை என்று பகல் முழுக்க வெயிலில் அலைந்து திரும்பியவர்கள் மாலையில் களைத்துப்போய் எழுதுபவை அவை. எழுத்துப்பிழையையும் காலப்பிழையையும் கணினியே கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. என் மேசைக்கு மிஞ்சுவன பெரும்பாலும் சின்னஞ்சிறு முன்னிடைச்சொற்கள்: இன், ஒன், அட், ஒவ், டு, ஃபோர். இந்தச் சில்லறைகளில்தான் என் சம்பளம் அடங்கியிருக்கிறது.

எனக்கு நேரடிப் பகை உள்ள சொல் ஒன்று உண்டு: 'சிச்சுவேட்டட்'. பாடசாலைக்கு அருகில் ஒரு கிணறு இருந்தால், எங்கள் அறிக்கைகளில் அது சும்மா இருக்காது. 'த வெல் விச் இஸ் சிச்சுவேட்டட் நியர் த ஸ்கூல்' என்று சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும். இது கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தின் கடிதங்களிலிருந்து வந்த தொற்று என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது நம் தமிழிலிருந்தே வருகிறது. 'மேசையில் புத்தகம்' என்றால் நமக்கு அது ஒரு முழுச் செய்தி. ஒரு பொருளின் பெயராகாது. பெயராக வேண்டுமானால் 'மேசையில் உள்ள புத்தகம்' என்று நடுவில் ஒரு பெயரெச்சம் வேண்டும். பத்திரிகைத் தமிழில் அந்த 'உள்ள' கொஞ்சம் கனத்து 'அமைந்துள்ள' ஆகிவிடும். ஆங்கில முன்னிடைச்சொல்லோ அந்த 'உள்ள'வைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. 'த புக் ஒன் த டேபிள்' என்றதுமே 'மேசையில் உள்ள' என்பது முழுதாக வந்துவிடுகிறது. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நேர்மையோடு நம் பிள்ளைகள் இல்லாத 'உள்ள'வுக்கும் ஓர் ஆங்கிலச் சொல் தேடிப் போடுகிறார்கள். வெட்டிப் பாருங்கள், வாக்கியம் விழாது என்பதுதான் நான் முதலில் சொல்வது. 'த வெல் நியர் த ஸ்கூல்'. விழவில்லை.

பெயர்ச்சொற்கள் வரிசையாகக் கோக்கப்படும்போதுதான் சிக்கல் பெருகும். 'வாகரையிலுள்ள ஒரு பாடசாலையின் கூரைக்கு ஏற்பட்ட சேதம் பற்றிய அறிக்கை' என்பது சர்வசாதாரணமான தமிழ். இதை அப்படியே கடைசியிலிருந்து பின்னோக்கி வாசியுங்கள்: அறிக்கை, பற்றி, சேதம், கூரைக்கு, பாடசாலையின், வாகரையில். ஆங்கிலமும் அதே ஒழுங்கில் வருகிறது: 'எ ரிப்போர்ட் ஒன் த டேமேஜ் டு த ரூஃப் ஒவ் எ ஸ்கூல் இன் வாகரை'. நம்முடைய உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது, அவர்களுடையது முன்னால். நம்முடைய தலைச்சொல் (இங்கே 'அறிக்கை') கடைசியில், அவர்களுடையது முதலில். எந்தப் பெயருக்கு எது ஒட்டுகிறது என்பது தமிழில் சரியாக இருந்தால், திருப்பிப் போட்டாலும் பெரும்பாலும் சரியாகவே வரும். இந்த வேலைக்கு அஞ்சியவர்கள் 'வாகரை ஸ்கூல் ரூஃப் டேமேஜ் ரிப்போர்ட்' என்று எழுதிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். கோப்பின் முதுகில் எழுத அது போதும். வாக்கியத்துக்குள் அப்படிப் பெயர்களை அடுக்கினால், வாசிக்கிறவர் மூச்சுவிட இடமில்லை.

இந்த எடுத்துக்காட்டில் 'டேமேஜ் டு' என்பதைக் கவனியுங்கள். எங்கள் அலுவலகத்தில் அது பத்துக்கு ஒன்பது தடவை 'டேமேஜ் ஒவ்' என்றுதான் வரும். ஆங்கிலத்தின் கொடுமை என்று அலுத்துக்கொள்வார்கள். ஆனால் நம் வீட்டில் யாரும் 'கூரையின் சேதம்' என்று பேசுவதில்லை. கூரைக்குச் சேதம் என்றுதான் சொல்கிறோம். நான்காம் வேற்றுமை, கு உருபு. கதவுக்குச் சாவி, கேள்விக்குப் பதில், பிரச்சினைக்குத் தீர்வு, திட்டத்துக்கு எதிர்ப்பு: எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'டு'. காய்ச்சலுக்கு மருந்து, சாப்பாட்டுக்குக் காசு என்று தேவையோ நோக்கமோ வந்தால் 'ஃபோர்'. வீட்டுத் தமிழில் நினைத்தால் பாதி வழி தானாகவே கடந்துவிடும். அறிக்கைத் தமிழில், 'கூரையின்' என்பதில் வரும் அந்தத் தமிழ் 'இன்' உருபின் மிடுக்கில் நினைக்கிறவர்களுக்குத்தான் எங்கும் 'ஒவ்' முளைக்கிறது.

பாதி வழி என்றுதான் சொன்னேன். தாமதத்துக்குக் காரணம் 'ரீசன் ஃபோர்' ஆகும். ஆனால் அதே காரணத்தைக் 'கோஸ்' என்ற சொல்லால் எழுதினால் 'கோஸ் ஒவ்'. விலையில் அதிகரிப்பு என்பது நல்ல பிள்ளையாக 'இன்கிரீஸ் இன்' என்று வந்துவிடும். தண்ணீருக்குத் தட்டுப்பாடு 'ஷோர்ட்டேஜ் ஒவ்' என்று திரும்பிக்கொள்ளும். காரணம் கேட்டுப் பயனில்லை. எந்த முன்னிடைச்சொல் என்பதை அந்தப் பெயர்ச்சொல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே வெற்றிடம் நிரப்பும் பயிற்சிப் புத்தகங்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. 'இன்' தனியாக, 'ஒன்' தனியாகப் படித்தவர்கள் பரீட்சையில் தேறுகிறார்கள். அறிக்கையில் தடுக்கி விழுகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, பெயர்ச்சொல்லை அதன் வாலோடு சேர்த்து எழுதச் சொல்கிறேன்.

பல இடங்களில் வினைச்சொல் இந்த வாலைக் கேட்காது என்பது இன்னொரு வேடிக்கை. 'வீ ரிக்குவெஸ்டட் டூ வோட்டர் டேங்க்ஸ்' என்று மொட்டையாக நிற்கும்; பெயராக மாறியதும் 'எ ரிக்குவெஸ்ட் ஃபோர்' ஆகிவிடும். 'விசிட்டட் த ஸ்கூல்', ஆனால் 'எ விசிட் டு த ஸ்கூல்'. 'எம்ஃபசைஸ்' தனியே நிற்கும், 'எம்ஃபசிஸ்' வந்தால் 'ஒன்' வேண்டும். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுகிறவரைச் சிரிக்கிறார்களே, அவர் 'டிஸ்கஷன் அபவுட்' என்ற சரியான தொடரிலிருந்துதான் அந்த வாலை எடுத்து வந்திருக்கிறார். 'பற்றிக் கலந்துரையாடினோம்' என்ற தமிழும் அவருக்குச் சாட்சி சொல்லும். சிரிக்க ஒன்றுமில்லை.

தமிழில் இடத்தைச் சொல்ல 'இல்' ஒன்றுதான் உண்டு, அதனால்தான் நமக்கு இன், ஒன், அட் குழம்புகிறது என்று ஓர் ஆசிரியர் பயிற்சிப் பட்டறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது. மேல், கீழ், உள், முன், பின் எல்லாம் அதில் அடக்கம். நமக்குச் சொல் பஞ்சம் இல்லை. ஆங்கிலம் உலகைப் பார்க்கும் கோணம்தான் வேறு. எழுந்து நின்று நடக்கக்கூடிய பஸ், ரயில், கப்பல் என்றால் 'ஒன்'. குனிந்து ஏறி உட்காரும் கார், வான், முச்சக்கர வண்டி என்றால் 'இன்'. வாவியில் போகிற தோணிக்கு 'இன்'. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற, நாங்கள் 'பாதை' என்று சொல்லும் மிதவைப் படகுக்கு 'ஒன்'. மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு 'ஒன் த ஃபெரி' எங்கள் பயண அறிக்கைகளில் அருகிவிட்டது.

நேரம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'எவ்ரி' முன்னால் வந்துவிட்டால் ஒன்றும் வேண்டாம். 'ஒன் லாஸ்ட் ஃப்ரைடே'யைக் கண்டால் ஒரு கோடு கிழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

வெள்ளக்கால அறிக்கைகளில் அப்படிப் போக முடியாது. வடகீழ்ப் பருவமழை அளவு மீறினால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பாடசாலைகள்தான் முகாம்கள். 2011 ஜனவரியில் மாவட்டமே தண்ணீரில் கிடந்ததை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. பிந்திய ஒரு மழைக்காலத்தில் எங்கள் தம்பி ஒருவர் அவசரத்தில் நேரடியாக அனுப்பிய வரி இது: 'வீ டிஸ்ட்ரிபியூட்டட் டிரை ரேஷன்ஸ் டு த ஃபமிலீஸ் அஃபெக்டட் பை த ஃபிளட் இன் த ஸ்கூல்'. வெள்ளத்தால் பாதிக்கப்பட்டுப் பாடசாலையில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு உலர் உணவு வழங்கினோம் என்பது அவர் நினைத்தது. இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் ஆங்கிலம் வாசிக்கிறவர் 'இன் த ஸ்கூல்' என்பதை அதற்கு இடப்பக்கம் மிக நெருங்கி நிற்கும் பெயரோடுதான் முதலில் சேர்ப்பார். அந்தப் பெயர் குடும்பம் அல்ல, வெள்ளம். எத்தனை மேசை கதிரைகள் சேதமாயின, திருத்தச் செலவு எவ்வளவு என்று அக்கறையோடு பதில் வந்தது. அந்தப் பாடசாலையோ மேட்டில் நிற்கிறது. தண்ணீர் ஏறாத இடம் என்பதால்தான் சனங்கள் அங்கே போனார்கள்.

'டு ஃபிளட்-அஃபெக்டட் ஃபமிலீஸ் ஸ்டேயிங் அட் த ஸ்கூல்' என்று மாற்றி அனுப்பினோம். தம்பி என்னை விடவில்லை.

"அக்கா, கிணற்றுக்கு 'சிச்சுவேட்டட்' போட்டால் வெட்டுகிறீர்கள். இங்கே நீங்களே 'ஸ்டேயிங்' சேர்க்கிறீர்கள். ஒரு முடிவுக்கு வாருங்கள்."

"கிணறு அங்கே நிற்பதைத் தவிர வேறென்ன செய்யும், தம்பி? குடும்பம் அப்படியா? தங்கியிருக்கலாம், உணவு வாங்க வந்திருக்கலாம், பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கலாம். 'அட்' இடத்தை மட்டும்தான் சொல்லும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, உணவு வாங்க மட்டும் வந்துபோன குடும்பங்களும் அந்தப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னார். பெயர்களைப் பிரிக்கக் கிராம உத்தியோகத்தருக்குத் தொலைபேசி எடுத்தோம்.