கல்லால் அடித்தான் என்றால் எதை எழுதுவது?

"கல்லால அடிச்சிட்டான் ஐயா." தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்த காலத்தில் இந்தப் புகாரை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறேன். தமிழில் கேட்கும்போது இதில் ஒரு குறையும் தெரியாது. இதையே ஆங்கில அறிக்கையாக எழுத உட்கார்ந்தால்தான் கேள்விகள் வரும். கல்லைக் கையில் பிடித்தபடி மண்டையில் அடித்தானா, தள்ளி நின்று எறிந்தானா? எறிந்தான் என்றால் பட்டதா, படவில்லையா? நம் 'அடி' இவை எல்லாவற்றையும் தனக்குள் வைத்துக்கொள்ளும். மாங்காயையும் கல்லால் அடிக்கிறோம், மனுஷனையும் கல்லால் அடிக்கிறோம்.

எங்கள் தோட்டம் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பழைய ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். வந்து சொல்பவர்கள் தமிழில் சொல்வார்கள். போலீஸுக்கு மலாயில் போக வேண்டும். நிர்வாகிக்கும் தலைமை அலுவலகத்துக்கும் ஆங்கிலத்தில் போக வேண்டும். நடுவில் உட்கார்ந்திருக்கும் கிராணி எந்த வினைச்சொல்லை எழுதுகிறாரோ, அதுதான் நடந்த சம்பவமாகக் கோப்பில் நிற்கும். சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் அந்தக் கோப்பைப் படிக்கப் போவதில்லை.

ஆங்கிலத்தில் 'த்ரோ' பொதுவான சொல். அதில் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. அடுத்து வரும் சின்னச் சொல்தான் குணத்தைத் தீர்மானிக்கும். பந்தை ஒருவனுக்கு 'த்ரோ டு' என்றால் அவன் பிடிக்கட்டும் என்று போடுவது. 'த்ரோ அட்' என்றால் அவனைக் குறிவைத்து எறிவது. அப்போதும் அது பட்டதா என்று தெரியாது. பட்டிருந்தால் 'ஹிட்' என்று தனியாக எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் காயம்பட்டவனின் காயம் அறிக்கையில் இல்லாமலே போய்விடும்.

'ஹர்ல்' முழுப் பலத்தோடு எறிவது. வசவை வாரி வீசுவதற்கும் ஆங்கிலத்தில் இதையே சொல்கிறார்கள். 'ஃப்ளிங்' கோபத்திலோ அலட்சியத்திலோ விட்டெறிவது. நம் 'கடாசு' இதற்கு ரொம்பப் பக்கம். 'டாஸ்' லேசாகத் தூக்கிப் போடுவது, நாணயம் சுண்டுவது உட்பட. 'லாப்' வளைவாக உயரப் போய் விழும்படி போடுவது. 'ஹீவ்' என்றால் பாரமானதை மூச்சுப் பிடித்துத் தூக்கிப் போடுவது. செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய சொல் இதுதான் என்பேன்.

ஏன் என்றால், எங்கள் வேலையே தூக்கிப் போடுகிற வேலை. வெட்டிய பழக்குலையைக் கூரான இரும்புக் கம்பியில் குத்தி டிரெய்லரில் ஏற்ற வேண்டும். முதிர்ந்த மரத்துக் குலைகளில் இருபது கிலோவைத் தாண்டுவதும் உண்டு. ஒரு நாள் குலை ஒன்று டிரெய்லர் விளிம்பிலிருந்து உருண்டு, அந்தப் பக்கம் நின்றவர் காலில் விழுந்துவிட்டது. மேலே அனுப்பத் தயாராக இருந்த ஆங்கில அறிக்கையில், ஏற்றிய பையன் குலையை 'ஹர்ல்' செய்தான் என்று இருந்தது. அதைப் படிக்கிற யாருக்கும், பையன் வெறி பிடித்து வீசியிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எறிஞ்சியா தம்பி?"

"எறியல ஐயா. தூக்கிப் போட்டேன். டிரெய்லர் ரொம்பி இருந்துச்சு, நிக்காம உருண்டுடுச்சு."

மண்டோரும், அதாவது வேலையை மேற்பார்க்கிறவரும், அதையேதான் சொன்னார். 'ஹர்ல்' இருந்த இடத்தில் 'ஹீவ்' வந்தது. டிரெய்லர் நிரம்பியிருந்ததும் அறிக்கையில் ஏறியது. குலை காலில் பட்டதற்கு 'ஸ்ட்ரக்'. விபத்து அறிக்கைகளில் அது பழகிய சொல்தான்: பொருள் வந்து ஆளின் மேல் பட்டால் 'ஸ்ட்ரக் பை', ஆள் போய்ப் பொருளில் மோதினால் 'ஸ்ட்ரக் அகைன்ஸ்ட்'. அதன் பிறகு மேலேயிருந்து வந்த கேள்விகள் பையனின் குணத்தைப் பற்றி இல்லை, டிரெய்லரில் எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பற்றி இருந்தன.

'பெல்ட்' என்று ஒரு சொல் இருக்கிறது, இடுப்பில் கட்டுகிற பெல்ட் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல கற்களோ முட்டைகளோ சரமாரியாக வந்து விழுவது. ஆங்கிலத்தில் விடாமல் அறைகிற மழைக்கும் இதே சொல். பங்களாவில் மாமரம் காய்க்கும் பருவத்தில் இந்தச் சொல்லோடு ஒரு புகார்க் கடிதம் தயாரானது. தோட்டத்துப் பையன்கள் பங்களாவைக் கற்களால் 'பெல்ட்' செய்தார்களாம். ஜாகாவை, அதாவது காவல்காரரை, விசாரித்தால் இரண்டோ மூன்றோ கல், அதுவும் மாமரத்தைப் பார்த்து. அவர் மலாயில் 'பாலிங் பத்து' என்றுதான் சொல்லியிருக்கிறார், கல் எறிந்தார்கள் என்று. அதை ஆங்கிலத்தில் எழுதியவர் கலவரமாக ஆக்கிவிட்டார். அந்தக் கடிதம் அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிருந்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பதில் சொல்லியிருப்பார்கள். நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மலாயில் இந்த வகைச் சொற்கள் நன்றாகவே பிரிந்திருக்கின்றன. பள்ளி விளையாட்டுப் போட்டியில் குண்டுக்கு 'லொந்தார்', வட்டுக்கு 'லெம்பார்', ஈட்டிக்கு 'ரெஜாம்'. தமிழில் மூன்றுக்கும் எறிதல்தான். ஆங்கிலத்தில் வட்டும் ஈட்டியும் 'த்ரோ', குண்டு மட்டும் 'புட்'. தோளிலிருந்து தள்ளித்தான் விட வேண்டும் என்பது விதி. நம் மொழியில் சொல் பஞ்சம் என்று இதற்கு அர்த்தமில்லை. வீசு, விசிறு, சுண்டு, கடாசு, விட்டெறி என்று எவ்வளவோ இருக்கின்றன. அலுவலக மேசைக்கு முன்னால் வந்து நின்றதும் ஆட்கள் பயத்தில் 'அடிச்சான்', 'போட்டான்' என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். மீதியைக் கேட்டு வாங்குவது கிராணியின் வேலை.

சட்டமும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 350ஆவது பிரிவு குற்றமாகும் பலப்பிரயோகம் பற்றியது. அதற்கான உதாரணங்களில் ஒருவன் கல்லை எறிகிறான். அது இன்னொருவன் மேலோ உடையிலோ படலாம். தண்ணீரில் விழுந்து அந்தத் தண்ணீர் அவன் உடையில் தெறிக்கவும் செய்யலாம். எது பட்டது, எந்த எண்ணத்தில் எறிந்தான் என்பதை வைத்துத்தான் குற்றம். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நம் சட்டத்துக்கு வந்த உதாரணம் அது. 323ஆவது பிரிவிலும் அப்படித்தான்: வேண்டுமென்றே காயம் விளைவித்ததாக நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 'வேண்டுமென்றே' என்பதைக் கிராணி எழுதத் தேவையில்லை. 'ஹர்ல்' என்ற ஒரு சொல் போதும், படிப்பவர் அதைத் தானே சேர்த்துக்கொள்வார்.

'ஸ்ட்ரக்' எந்தச் சொல்லிலிருந்து வந்ததோ, அந்த 'ஸ்ட்ரைக்' பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு அடிப்பது என்றும் பொருள், வேலை நிறுத்தம் என்றும் பொருள். 1768இல் லண்டனில் கப்பல் தொழிலாளர்கள் பாய்களை இறக்கி வேலையை நிறுத்தினார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் சொன்ன சொல்லே பிறகு வேலை நிறுத்தத்தின் பெயரானது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் செய்த ஸ்ட்ரைக்கில் சம்பள உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை, அதாவது வெள்ளைக்கார நிர்வாகி, எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். அடிப்பது என்ற அர்த்தம் இல்லாமலே அந்தச் சொல் தோட்டத்தில் புழங்கியது என்று இளைய கிராணிகளிடம் நான் சொல்வதுண்டு.

பெரிதாக்கி எழுதுவதைப் போலவே சிறிதாக்கி எழுதுவதும் அநியாயம். கன்னம் வீங்கி ஓர் அக்கா வந்தார். கூடவே வந்த புருஷன், "சும்மா ஒரு தட்டு தட்டினேன் ஐயா" என்றார். அந்த அக்கா, "அடிச்சாரு" என்பதற்கு மேல் பேசவில்லை. புருஷனை வெளியே உட்காரச் சொன்னேன். "கையை விரிச்சா, மடக்கியா அக்கா? ஒரு தடவையா?" என்று கேட்டதும் முஷ்டியை மடக்கிக் காட்டினார். பிறகு தோளைக் காட்டினார், முதுகைக் காட்டினார். விரித்த கை 'ஸ்லாப்', மடக்கிய கை 'பஞ்ச்', திரும்பத் திரும்ப என்றால் 'பீட்'. நிர்வாகிக்கு எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் பின்னிரண்டையும் எழுதினேன். மலாயில் அறைவதற்கான 'தம்பார்' என்று எழுதாமல், முஷ்டியால் குத்துவதற்கான 'தும்புக்' என்று எழுதினேன். குடும்ப வன்முறைச் சட்டம் 1994லேயே நிறைவேறிவிட்டது, பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்றும் சொன்னேன். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டியபோது, முதுகில் எத்தனை தடவை என்பதை மட்டும் திருத்தச் சொன்னார். திருத்திக் கொடுத்தேன். அவர் ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போனார்.