மார்கழியில் அந்தக் குழாயில் என்ன ஓடும்?

கோவையில் கேஸ்கெட் கடையில் உட்கார்ந்து பதினைந்து வருடம் ஆகிறது. குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க நடுவில் வைத்து இறுக்குவதுதான் கேஸ்கெட், பேக்கிங் என்றும் சொல்வார்கள். அதை இரண்டு பக்கமும் பிடித்து போல்ட் போடுகிற குழாய் முனைத் தட்டுதான் பிளேஞ்சு. போனில் வரும் முதல் கேள்வி இன்னும் மாறவில்லை. "மூணு இஞ்சு பிளேஞ்சுக்குப் பத்து பேக்கிங் வேணுங்க, கருப்பு ரப்பர் போதும்." எந்தக் கருப்பு ரப்பர் என்று கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது, அப்புறம் "போன தடவ குடுத்தீங்களே, அதே" என்று பதில் வரும். நைட்ரைல், ஈபிடிஎம், நியோப்ரீன், வைட்டான் எல்லாமே கருப்பில்தான் அதிகம் வருகின்றன. வைட்டானைக் கையில் எடுத்தால் கனத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், மற்றதெல்லாம் பார்வைக்கு ஒன்றுதான்.

நான் சேர்ந்த புதிதில் காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலைக்குக் கொடுத்த கேஸ்கெட்டைத்தான் இன்றைக்கும் யாராவது அளவு மட்டும் சொல்லி ஆர்டர் போடும்போது நினைத்துக்கொள்வேன். ஆடி மாதம். தொட்டியிலிருந்து டின் நிரப்பும் இடம்வரை போகிற குழாய். ஓடுவது தேங்காய் எண்ணெய், சூடு 40 டிகிரி, அழுத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். எண்ணெய்க்கு நைட்ரைல், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உணவுத் தரத்தில் வெள்ளை நைட்ரைல் வெட்டி அனுப்பினேன். நாலு மாதம் ஒரு சத்தமும் இல்லை.

மார்கழி பிறந்ததும் போன். வரிசையாகப் பிளேஞ்சுகள் ஒழுகுகின்றன, தரையெல்லாம் எண்ணெய், கால் வைத்தால் வழுக்குகிறது. விடியற்காலையில் பஸ் பிடித்துப் போனேன். அங்கிருந்த வயதான பிட்டர் ஒருவர் கழற்றி வைத்திருந்த கேஸ்கெட்டை எடுத்து லேசாக வளைத்துக் காட்டினார். முறுக்கு மாதிரி ஒடிந்தது. "எண்ணெய்க்கு நைட்ரைல் ஒண்ணும் ஆகாதேங்க" என்று நான் ஆரம்பிக்க, அவர் சிரித்துவிட்டார்.

"எண்ணெய் எங்க தம்பி ஓடுது? பனியில உறைஞ்சு கெடக்கு. தெனமும் காலைல ஸ்டீம் விட்டு இளக்கித்தான ஓட்டறோம்."

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது தலைக்கு எண்ணெய் வைக்கிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆடியில் ஆர்டர் எடுத்தபோது தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர்கள் விட்டது 3 பார் அழுத்தத்தில் ஸ்டீம், அதாவது 143 டிகிரி சூடு. நைட்ரைலை 100 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் வைத்தால் இறுகிப்போகும், நீராவி என்றால் இன்னும் சீக்கிரம்.

சரி, ஸ்டீம்தானே பிரச்சினை என்று கடைக்கு வந்து ஈபிடிஎம் வெட்டி அனுப்பினேன். சுடுநீர், நீராவி, காஸ்டிக் சோடா இதற்கெல்லாம் ஈபிடிஎம் தங்கம். எண்ணெய் பட்டால் மட்டும் ஊறி உப்பும். அது எனக்குத் தெரியாததில்லை, ஆனால் ஒரு தவறைத் திருத்துகிற அவசரத்தில் இன்னொரு பக்கம் கண்ணே போகாது. பத்து நாளில் பிளேஞ்சுக்கு இடையில் ஒவ்வொன்றும் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது.

ஆலை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "வெல அதிகமா இருந்தாலும் பரவால்ல, வைட்டானே போட்டுருங்க." விலை கூடினால் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். வைட்டான் 200 டிகிரி தாங்கும் என்பது உண்மைதான், உலர்ந்த சூடும் எண்ணெயும் என்றால். தினமும் நீராவி என்றால் சாதாரண வைட்டான் நிற்காது. நல்லவேளை, அதை நான் விற்கவில்லை.

அடுத்து டெஃப்லான் ஷீட், 3 மில்லிமீட்டர். எண்ணெயும் ஸ்டீமும் அதை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அழுத்தத்திலேயே மெல்ல மெல்ல நசுங்கிப் பரவுவது அதன் சுபாவம். ஒரு மாதத்தில் போல்ட்டெல்லாம் லொடலொட. கடைசியில் உள்ளே நுண்ணிய காற்றறைகளோடு பஞ்சு மாதிரி வரும் எக்ஸ்பாண்டட் டெஃப்லானை, 1.5 மில்லிமீட்டரில் போட்டு, எதிரெதிர் போல்ட்டாக மூன்று சுற்றில் இறுக்கி, மறுநாள் குழாய் ஆறியிருக்கும்போது இன்னொரு முறை இறுக்கச் சொன்னேன். அடுத்த மார்கழியில் போன் வரவில்லை.

தடிமன் விஷயத்தில் யாரிடமும் எளிதில் ஜெயிக்க முடியாது. 3 மில்லி கேட்டவருக்கு 1.5 கொடுத்தால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார். மெல்லிசாக இருந்தால் உள்ளிருந்து அழுத்தம் தள்ளுகிற விளிம்பும் குறைவு, நாள்பட நசுங்குவதும் குறைவு. பிளேஞ்சு முகம் சமமாக இல்லாத பழைய லைனுக்கு மட்டும்தான் 3 மில்லியை நானாகச் சொல்வேன். பிளேஞ்சின் மேலேயே ஷீட்டை வைத்து ஓரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுகிற பழக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்தக்கொதிப்புதான் வரும்.

ஷீட் எது என்று சந்தேகம் வந்தால் இப்போது ஒரு வேலை செய்கிறேன். 25 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, டீ கிளாஸில் டீசல் ஊற்றி அதில் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். காலையில் வெர்னியர் அளவுகோலில் அளந்தால் நைட்ரைல் கிட்டத்தட்ட அதே அளவில் இருக்கும். போன மாதம் நைட்ரைல் என்று சொல்லி வந்த ஒரு ரோலில் எடுத்த துண்டு 31 காட்டியது, தொட்டால் கொழகொழ. ரோலைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அந்த கிளாஸில் மட்டும் யாரும் டீ குடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

நேற்று ஒருவர் போன் செய்தார். தண்ணி லைன், 60 டிகிரி, நாலு இஞ்சு, இருபது கேஸ்கெட். வேறு ஏதாவது ஓடுமா என்று கேட்டேன். இல்லைங்க, வெறும் தண்ணிதான் என்றார். லைனை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேட்டேன்.

"அது வாரத்துக்கு ஒரு நாள் ஆசிட் விடுவோமுங்க. அதெல்லாமா சொல்லணும்?"

எந்த ஆசிட், எத்தனை சதவீதம், எவ்வளவு சூடு என்று கேட்டு வைத்திருக்கிறேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் கூப்பிடவில்லை.