மே மாதம், மரிக்கினா, பிலிப்பைன்ஸ்

2025 மே 5, திங்கள்

வரும் 12ஆம் தேதி தேர்தல். பள்ளியில் இன்று வாக்கு எண்ணும் இயந்திரச் சோதனை. சில வாக்காளர்களை வரவழைத்து வாக்குச்சீட்டில் வட்டங்களைக் கறுப்பாக்கச் சொன்னோம். இயந்திரம் எண்ணியதும் நாங்கள் கையால் எண்ணியதும் ஒத்துப்போயின. முத்திரை வைத்துப் பூட்டினோம். தாளில் கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் வழக்கம்போல என் கை ஒரு கணம் நின்றது. எட்டு வருஷமாக இப்படித்தான்.

மே 6

வெயில். சின்னவனுக்கு வேர்க்குரு. பெரியவள் தன் பன்னிரண்டு செனட்டர்களைக் கையளவு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். கேட்டால் காட்ட மாட்டேன் என்கிறாள். முதல் வாக்கு.

மே 7, புதன், இரவு

பெரியவளுக்கு உடம்பு சுடுகிறது. 39.2. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். அதைக் கேட்டதும் எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். அட்டை இருக்கிறது.

மே 8

பாராசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை எதுவும் கூடாது என்று மாமியாரிடம் மூன்று முறை சொன்னேன். அவர் வேலியோரத்தில் தாவாதாவா பறித்து வந்து கொதிக்க வைத்தார். தண்டைக் கிள்ளினால் பால் வருமே, அந்தச் செடி. கசப்பு என்று முகம் சுளித்தாலும் பாட்டிக்காக அரை டம்ளர் குடித்தாள். நான் தடுக்கவில்லை. உள்ளே போகும் நீர் எதுவானாலும் நல்லதுதான்.

சாயங்காலம் 40.

மே 9, அதிகாலை 1.30

அவசரப் பிரிவின் வெளி வராந்தா. ரத்தம் எடுத்திருக்கிறார்கள். நள்ளிரவு தாண்டிய கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் கைபேசியை உயர்த்தி, "வெள்ளைப் புகை!" என்று கத்தினார். தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். புதிய போப் யார்? எல்லாருக்கும் எங்கள் கர்தினால் தாக்லேதான் மனதில். ஒரு கிழவி ஜெபமாலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்த பெயர் வேறு. அமெரிக்கர், லியோ. சரி, அவருக்காகவும் ஜெபிப்போம் என்றாள் கிழவி. நான் ஜெபித்ததெல்லாம் ஓர் எண்ணுக்காக.

அந்த எண் 148. பிளேட்லெட், ஆயிரங்களில்.

மே 9, மாலை

டெங்குதான். தண்ணீர் கொடுங்கள், நாளை மறுபடி ரத்தம் பாருங்கள், வயிறு வலித்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ ஈறில் ரத்தம் வந்தாலோ உடனே வாருங்கள் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இளம் மருத்துவர் கடைசியாக ஒன்று கேட்டார். "2016இல் ஊசி போட்டீர்களா?"

போட்டோம்.

இதை எழுதாமல் இன்று தூக்கம் வராது. அந்த ஏப்ரலில் என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள், நாலாம் வகுப்பு. டெங்குத் தடுப்பூசியான டெங்வாக்சியா முதலில் போடப்பட்ட ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. சம்மதப் படிவங்களை வீட்டுக்கு அனுப்பினேன். வராத படிவங்களுக்காகத் தாய்மார்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். ஒருத்தி மட்டும் பேனாவைத் தொடாமல், "டீச்சர், உங்கள் மகளுக்கும் போடுகிறீர்களா?" என்று கேட்டாள். "முதல் ஆளாக" என்றேன். பேனாவை எடுத்தாள்.

பொய் சொல்லவில்லை. என் மகளுக்கும் போட்டேன், மூன்று ஊசியும். அடுத்த ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி, இதற்கு முன் டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி போட்டிருந்தால் பின்னால் நோய் கடுமையாக வரக்கூடும் என்று தயாரித்தவர்களே அறிவித்தார்கள். அதற்குள் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று. என் மகளுக்கு முன்பே டெங்கு வந்திருந்ததா? எனக்குத் தெரியாது. சின்ன வயதில் எத்தனையோ காய்ச்சல் வந்து போனது. எதையாவது சோதித்தோமா? எட்டு வருஷமாக அந்தக் காய்ச்சல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன். மூன்று வயதில் வந்தது, உடம்பெல்லாம் சிவந்ததே, அதுவாக இருந்திருந்தால் நல்லது. மகளுக்கு டெங்கு வந்திருக்கட்டும் என்று ஒரு தாய் வேண்டிக்கொள்கிறாள்.

மருத்துவர் கேட்டதைக் குறித்துக்கொண்டு, "பயப்படாதீர்கள், எல்லாரையும் போலத்தான் பார்ப்போம், கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்போம்" என்றார். அட்டையை நீட்டினேன். 2020 வெள்ளத்தில் ஆறு 22 மீட்டர் மட்டத்தை எட்டிய அன்று, பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி மேல்மாடிக்குக் கொண்டுபோனது. அப்படியும் ஈரம் பட்டு, மூன்றாவது ஊசியின் தேதி நீலக் கறையாகிவிட்டது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மே 10, சனி

97. வயிறு வலி. படுக்கை கிடைத்துவிட்டது, இன்னொரு பெண்ணோடு பங்கு. ஆளுக்கொரு பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறார்கள்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் கண்ணில் பட்டது. முச்சக்கர வண்டி நிறுத்தத்துக்கு மேலே வெயிலுக்காகக் கட்டிய தேர்தல் டார்ப்பாலின் நடுவில் தொய்ந்து குழியாகி நிற்கிறது. நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். போன வாரம் பெய்த மழை இன்னும் அதில் நிற்கிறது. சிரிக்கும் வேட்பாளரின் முகத்துக்கு மேல் புழுக்கள் கொக்கி போல வளைந்து வளைந்து நீந்துகின்றன. எங்கள் வாசலிலிருந்து எட்டு அடி தூரம். மாலை 4 மணியானால் தேங்கிய நீரைக் கொட்டுங்கள் என்று வகுப்பில் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுப்பவள் நான். பூந்தொட்டித் தட்டு, வாளி, டயர் எல்லாம் கவிழ்த்துவைத்தேன். தலைக்கு மேலே பார்க்கவில்லை.

குச்சியால் குத்தி ஊற்றினேன். பாதிதான் வடிந்தது.

இரவு மாமியாரின் தலையணைக்கடியில் ஓர் உறை. ஐந்நூறு பேசோ, கூடவே ஒரு பெயர்ப் பட்டியல். யார் கொடுத்தது என்று கேட்டேன். "ரத்தப் பரிசோதனைக்கு ஆகும்" என்றார். நாளை மறுநாள் வாக்குச்சாவடி மேசையில் உட்காரப் போகிறவளின் வீட்டில்! திருப்பிக் கொடுங்கள் என்று குரலை உயர்த்திவிட்டேன். அவர் அழுதார். பேத்திக்காக வாங்கியவரிடம் கத்தியிருக்க வேண்டாம். ஆனாலும் அந்த உறை இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மே 11, ஞாயிறு, அன்னையர் தினம்

காய்ச்சல் விட்டுவிட்டது. 37.1. நாத்தனார் கைதட்டினாள். எனக்குக் கை நடுங்கியது. காய்ச்சல் இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லியிருக்கிறார். 52.

கணவர் வீடியோ அழைப்பில் வந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த முறைதான் முதல் தடவையாக இணைய வாக்கு, ஏப்ரல் மாதமே போட்டு முடித்துவிட்டார். "நீ போகாதே, வேறு ஆள் பார்க்கச் சொல்" என்றார். சொல்லிப் பார்த்தேன். குழுத் தலைவர் இரவு ஒன்பது வரை தேடினார். 2016 சட்டத்துக்குப் பிறகு ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி கட்டாயமில்லை. வரவில்லை என்றால் யாரும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. மூன்று பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்வார்கள், வரிசை நீளும், முதியவர்கள் வெயிலில் நிற்பார்கள், அவ்வளவுதான்.

பெரியவள் கண்ணை மூடியபடியே, "போங்க அம்மா. எனக்கும் சேர்த்துப் பாருங்க" என்றாள்.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

மே 12, அதிகாலை 3.20

போகிறேன். நாத்தனார் வந்துவிட்டாள். ஒரு மணிக்கொரு தடவை எனக்குச் செய்தி அனுப்புவாள். சிறுநீர் போகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 12, இரவு 11.50

ஐந்து மணிக்கே முதியவர்களும் கர்ப்பிணிகளும் மாற்றுத்திறனாளிகளும் வந்துவிட்டார்கள். ஏழு மணிக்கு மற்றவர்கள். நான் மை மேசையில். வலது ஆள்காட்டி விரல், நகமும் தோலும் சேரும் இடம். ஒவ்வொரு விரலையும் பிடித்து வைத்தேன். செருப்புத் தைக்கும் விரல், மீன் வாசனை அடிக்கும் விரல், மோதிரம் இறுகிப்போன விரல். பன்னிரண்டுக்கு மேல் கறுப்பாக்கினால் செனட்டுக்கான வாக்கு முழுவதும் போய்விடும் என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தாத்தா இயந்திரம் தந்த ரசீதைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

வாக்காளர் பட்டியலில் பெரியவள் படமும் இருக்கிறது. முன்முடி கலைந்த படம். எதிரே கையெழுத்துக் கட்டம் காலி.

பதினொரு மணி சுமாருக்கு ஒரு விரல் நீண்டது. நிமிர்ந்தால் அவள். "உங்கள் மகளுக்கும் போடுகிறீர்களா" என்று கேட்டவள். செய்தி வெளியான வாரம் ஊசி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் ஒன்றும் பேசாமல் நின்றவள். 2019இல் தட்டம்மை பரவியபோது நான் வீடு தேடிப்போயும் கடைக்குட்டிக்கு ஊசி போட மாட்டேன் என்று கதவைச் சாத்தியவள். அந்தக் கதவுக்கு நான்தான் காரணம் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

"பெண் எங்கே டீச்சர்? முதல் வாக்காச்சே."

"டெங்கு. ஆஸ்பத்திரியில்."

விரலை எடுக்கவில்லை. "எத்தனை?" என்றாள். பிளேட்லெட்டைத்தான் கேட்கிறாள்.

"காலையில் 47."

"என் மகனுக்கும் போன வருஷம் வந்தது. 30 வரை இறங்கினது. தேறிட்டான்." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உங்ககிட்ட சொல்லணும்னு வாசல்வரை வந்தேன். அப்புறம் எதுக்குன்னு திரும்பிட்டேன்."

மை சொட்டி மேசையில் விழுந்தது. பின்னால் வரிசை. அவள் போய்விட்டாள். என் வகுப்பில் இருந்த பையன், போன வருஷம் முழுவதும் இதே ஊரில், ஒரு பேருந்து தூரத்தில். எனக்குத் தெரியாமலே படுத்து, தெரியாமலே தேறியிருக்கிறான். சந்தோஷமா, நெஞ்சடைப்பா, இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மீதி நாற்பது பேரும் எப்படி இருக்கிறார்கள் என்று நான் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. மகளின் அட்டையைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஐந்தரைக்குச் செய்தி: 41. வாந்தி இல்லை. சிறுநீர் போகிறது.

ஏழு மணிக்கு மூடினோம். பயன்படாத வாக்குச்சீட்டுகளை நீளவாக்கில் இரண்டாகக் கிழிக்க வேண்டும், விதி. தலைவர் கிழித்தார், நான் எண்ணினேன். நல்ல தடித்த தாள், கிழியும் சத்தம் அறை முழுவதும் கேட்கிறது. அதில் ஒன்று பெரியவளுடையது. எது என்று யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்று சத்தமாகவே எண்ணினேன்.

மே 13

44. ஏறுகிறது. ஏறுகிறது.

மே 14, புதன்

71. கஞ்சி கேட்டாள், இஞ்சி தூக்கலாக. காலெல்லாம் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் தீவுகள். அரிக்கிறதாம். தேறுகிற அரிப்பு என்றார் செவிலியர். என் விரலைப் பிடித்து நகத்து மையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். செனட்டர் தாள் தலையணை உறைக்குள் இருக்கிறது. இன்னும் காட்டவில்லை.

மாமியார் உறையைத் திருப்பிக் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மே 15

வீட்டுக்கு வந்துவிட்டோம். 118.

பழைய வருகைப் பதிவேட்டின் நகலைத் தேடி எடுத்தேன். நாற்பத்திரண்டு பெயர்கள். ஒருத்தி என் வீட்டில். ஒருவன் தேறிவிட்டான். மூன்றாவது பெயரின் வீடு ஆற்றோரம். இன்னும் அங்கேதான் இருக்கிறார்களா என்று தெரியவில்லை.

டார்ப்பாலின் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கூயாவிடம், அந்த அண்ணனிடம், ஏணி கேட்டேன். 4 மணிக்கு எடுத்து வருகிறேன் என்றார்.